குப்பம்மாவின் ஆறு கற்கள்

செல்வி போன வாரம் போன் செய்தாள். ஜவ்வாது மலையில் என் கடைசி நான்கு வருடங்கள் என்னோடு வேலை பார்த்த பெண். அன்றைக்கு ஊசி போடக் கை நடுங்கியவள், இன்றைக்கு மலைக்குக் கீழே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். உடம்பு எடையைக் குறைப்பதற்காக வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன் அங்கே நடக்கிறதாம்.

“அக்கா, ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஒழுங்கா வர்றாங்க. அதுக்கப்புறம் எடை லேசா ஏறிட்டா ஆளையே காணோம். போன் பண்ணா எடுக்கறதில்ல. தப்பித் தவறி வந்தாலும் மெஷின் மேல ஏற மாட்டேன்றாங்க. அந்தக் குப்பம்மாவ மட்டும் நீங்க எப்படிக்கா அத்தனை வருஷம் வரவெச்சீங்க?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்பம்மாவை நானா வரவைத்தேன்? முதல் ஆறு மாதம் அவளை விரட்டியடிக்க என்னாலான எல்லாவற்றையும் செய்தவள் நான். வரவைத்தது டாக்டர் தயாளன். அதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று செல்விக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வியின் நோயாளிகளுக்கு எடை ஏறக் கூடாது, குப்பம்மாவுக்கு இறங்கக் கூடாது. மற்றபடி பாதி வயிற்றை வைத்துக்கொண்டு காலம் முழுக்கச் சாப்பிட வேண்டியவர்கள்தான் இரண்டு பேரும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செங்கத்துப் பக்கத்துக்காரி. இரண்டு வருடம் பயிற்சி. விடுதிச் சாம்பாரையும் வார்டன் அம்மாளின் விசிலையும் தவிர அதில் இப்போது ஒன்றும் நினைவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் மலைமேல் போட்டார்கள். ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போகிற வழியில் ஓடு போட்ட சின்ன ஆரம்ப சுகாதார நிலையம். ஊர்ப் பெயர் எதற்கு? எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அங்கே பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை.

நான் போய் இரண்டு வருடம் கழித்து டாக்டர் தயாளன் வந்தார். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர். நல்ல கனத்த உடம்பு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று எங்கள் கம்பவுண்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மலைக்காரர்கள் யாரையும் ‘நீ’ என்றுதான் பேசுவார்கள். மரியாதைக் குறைவு இல்லை, அவர்கள் பேச்சே அப்படி. ஆனால் டாக்டரைப் பார்த்து “இன்னா டாக்டரு, சாப்ட்டியா?” என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ “சாப்பிட்டேங்க, நீங்க சாப்பிட்டீங்களா?” என்பார். நோயாளி உட்காராமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்களிடம் ஆளை நிறுக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதன் மேல் ஏற ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். சந்தையில் விற்கிற பொருளைத்தானே நிறுப்பார்கள்? “நான் இன்னா புளியா? என்னை எவன் வாங்கப் போறான்?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டாக்டர் இதற்கு ஒரு வழி செய்தார். சந்தை நாள் காலையில், வாசலில் கூட்டம் சேர்ந்ததும், மெஷினைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்வார். சட்டைப் பையிலிருந்து பேனா, சாவிக்கொத்து, பர்ஸ், கழுத்திலிருந்து ஸ்டெதாஸ்கோப், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேஜைமேல் வைப்பார். செருப்பைக் கழற்றுவார். குனிந்து திருகைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். பிறகு ஏறி நின்று உரக்கப் படிப்பார்.

“எண்பத்தி நாலு. மெஷின் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.”

கூட்டம் சிரிக்கும். ஒரு வாரம் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. “செங்கத்துல ஒரு கல்யாணம். ரெண்டு பந்தியில உக்காந்துட்டேன்” என்று அத்தனை பேர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு இதில் வெட்கமே கிடையாதா என்று எனக்குக் கோபமாக இருக்கும். ஆனால் மூன்று மாதத்தில் பெண்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள்.

குப்பம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். குடல்புண் முற்றி, வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குகிற வழி அடைத்துக்கொண்டு, தின்றதெல்லாம் வாந்தி. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்துத் தைத்து, இரண்டு மாதம் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். அவள் புருஷன் வேடியப்பன் வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினான். மாதம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், எடை முப்பத்தெட்டுக் கிலோவுக்குக் குறைந்தால் திரும்ப அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

முதல் மாதம் முப்பத்தொன்பதரை. இரண்டாவது மாதம் முப்பத்தெட்டேகால். அன்றைக்குத்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மலைமேல் ‘கீழே’ என்றால் சமவெளி. செங்கமும் கீழேதான், திருப்பத்தூரும் கீழேதான், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் கீழேதான்.

“இன்னும் கால் கிலோதான் பாக்கி. எடை கீழ போச்சுன்னா நீயும் கீழ போவணும், தெரிஞ்சுதா?” என்றேன். சிலேடையாக வந்துவிட்டதில் எனக்கே ஒரு பெருமை.

“போனா மறுபடியும் அறுப்பாங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீ ஒழுங்கா சாப்புடு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த மாதம் முப்பத்தொன்பது. அதற்கடுத்து முப்பத்தொன்பதரை. பிறகு நாற்பது. அதட்டினால்தான் இவர்களுக்கு உறைக்கும் என்று நான் கம்பவுண்டரிடம் அளந்துகொண்டிருந்தேன். அட்டையில் அவள் எடைக்கோடு அழகாக மேலே ஏறிப் போவதைப் பார்த்து ரசிப்பேன். அவள் முகத்தை நான் பார்த்ததாக நினைவில்லை.

ஆறாவது மாதமும் நாற்பது. நான் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து இறங்குவதற்காகக் குப்பம்மா கையைத் தூக்கிச் சுவரைப் பிடித்தாள். அவள் கையில் இருந்த பித்தளை வளையல் சரசரவென்று இறங்கி முழங்கையைத் தாண்டிப் போய் நின்றது. டாக்டர் பக்கத்து மேஜையில் இருந்தார். பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார்.

“சிஸ்டர், இவங்க எடை எவ்வளவு?”

“நாப்பது சார். போன மாசமும் நாப்பது” என்று அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“அம்மா, இந்த வளையல் எப்பப் போட்டதுங்க?”

“கண்ணாலத்துக்குப் போட்டது.”

“அப்ப எதுவரைக்கும் ஏறும்?”

குப்பம்மா மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே தொட்டுக் காட்டினாள். அதைக் காட்டியதும் அவளுக்கே புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாவிக்கொத்தை வைத்தார். பர்ஸ், ஸ்டெதாஸ்கோப். காலையில் செய்ததையே மறுபடியும் ஒரு முறை நிதானமாகச் செய்துவிட்டு மெஷின் மேல் ஏறி நின்றார்.

“பாருங்க, எண்பத்தி மூணரை. இதெல்லாம் பையில இருந்தா எண்பத்தி நாலு காட்டும். அப்புறம் நான் எதைச் சாப்பிடறது, எதை விடறதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்” என்றார். இறங்கி, மேஜையைக் காட்டி, “இடம் இருக்குங்க. வெச்சிட்டு வாங்க” என்றார்.

குப்பம்மா இடுப்பில் சேலையைச் சுருட்டிப் பைபோலச் செருகியிருந்த மடிக்குள் கையை விட்டாள். ஒரு கல்லை எடுத்து டாக்டரின் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்து ஒன்று. ஆறு கற்கள். அவர்கள் கொல்லையிலிருந்து பொறுக்கிய உருண்டைக் கற்கள். பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக மேஜைமேல் உட்கார்ந்தன. எடை போடும் முன் மடியைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்பது எனக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தது. வெற்றிலைச் சுருக்குப்பைதானே இருக்கும், அதை எடு என்றால் தப்பாக நினைப்பார்களே என்று நான் அதை விட்டு வெகு நாளாகியிருந்தது.

மறுபடி ஏறினாள். முப்பத்தைந்தே முக்கால்.

எனக்கு வந்த கோபத்தில், “ஏண்டி, மாசா மாசம் என்னை ஏமாத்தினியா நீ?” என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற கூட்டமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

“சிஸ்டர்” என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. “உங்கள ஏமாத்தல. உங்களுக்குப் பயந்திருக்காங்க. பயப்படற மாதிரி நாம என்ன சொன்னோம்?”

நாம என்றார். சொன்னவள் நான். அந்த அறையில் அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், குப்பம்மாவுக்கும் தெரியும். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு ‘நாம’வுக்காக நான் அவரைக் கும்பிடுகிறேன்.

குப்பம்மாவை உட்கார வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ரெண்டு மாசம் கீழ கெடந்தேன் டாக்டரு. வூட்டுக்குத் திரும்பி வந்தா எம் பொண்ணு வள்ளி என்னைப் பாத்து அழுவுது. கிட்ட வர மாட்டேன்றா. அவ அப்பன் காலக் கட்டிக்கினு நிக்கறா. மூணு வயசு, அதுக்கு இன்னா தெரியும்? இப்பத்தான் ஒரு மாசமா எங்கூடப் படுக்கறா. இன்னொரு வாட்டி கீழ போய்ட்டு வந்தா நான் அவளுக்கு யாரோதான். அதுக்கு இங்கயே செத்துப் போறேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “சரி. சாப்பாடு எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவள் சாப்பிட்டதே இரண்டு வேளைதான். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு என்று நான் மணிக்கணக்கு சொல்லியிருந்தேன். “வூட்ல கடியாரம் ஏது?” என்றாள். அது போக, மற்றவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் வீட்டுப் பெண் தின்றால் ஊர் சிரிக்கும். அந்த இரண்டு வேளையும் சாப்பிட்டு முடித்த உடனே வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. “தச்ச எடம் வுட்டுக்கிச்சோன்னு பயமா கீது. அதான் பாதியிலயே கையக் கழுவிடறேன்” என்றாள்.

“கூழ்ல ஏதாவது சேர்க்கறீங்களா?”

“தேனு. தெம்பு வரட்டும்னு அவரு மலமேல ஏறி எடுத்தாந்து கலக்கிக் குடுக்கறாரு.”

வேடியப்பன் கதவோரம் நின்றிருந்தான். பாவம், அவன் பெண்டாட்டிக்கு உயிரைக் கொடுத்துத் தேன் எடுத்து வந்திருக்கிறான். டாக்டர் அவனையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “தேன் நல்ல பொருள்தாங்க. நீங்க செஞ்சது தப்பில்ல. ஆனா இவங்க வயிறு இப்ப சின்னது. இனிப்பும் தண்ணியுமா உள்ள போனா வயித்துல நிக்காம மொத்தமா குடல்ல எறங்கிடுது. அதனாலதான் வேர்க்குது, படபடக்குது. தையல் எதுவும் விடல. கெட்டியான களி, சாமைச் சோறு, மொச்சை, கொள்ளு, முட்டை. தண்ணி தனியா, அரை மணி நேரம் கழிச்சு. தேனை உங்க பொண்ணுக்குக் குடுங்க.”

பிறகு குப்பம்மாவிடம், காலையில் எழுந்தது முதல் என்னென்ன வேலை செய்வாள் என்று கேட்டார். தண்ணீருக்குப் போவது, மாட்டை அவிழ்ப்பது, கொல்லை வேலை, சாமை குத்துவது, மாட்டைக் கட்டுவது, உலை வைப்பது. அவள் சொல்லச் சொல்ல, வேலைக்கு ஒரு கல்லாக மேஜைமேல் நகர்த்திக்கொண்டே போனார். ஆறு கல்லும் மிச்சமில்லாமல் தீர்ந்தன. அவற்றில் மிகச் சிறியதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“களி உருண்டை இந்த அளவு. ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் ஒண்ணு. கல்லு இருந்த மடியில களி இருக்கட்டும். இந்தக் கல்லையெல்லாம் மாட்டுக் கொட்டாயில வரிசையா வெச்சுக்குங்க. ஒரு உருண்டை சாப்பிட்டா ஒரு கல்லை அந்தப் பக்கம் நகர்த்துங்க. கடிகாரம் வேணாம்.”

“எல்லாரும் திங்கறதுக்கு முன்னாடி நான் தின்னா ஊரு இன்னா சொல்லும்?”

டாக்டர் மருந்துச் சீட்டை எடுத்தார். ‘களி உருண்டை, ஆறு வேளை’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டி, “சிஸ்டர், சீல் வைங்க” என்றார். சர்க்கார் முத்திரையை நான் அதுவரை எத்தனையோ சீட்டில் குத்தியிருக்கிறேன். களிக்குக் குத்தியது அன்றைக்கு ஒரு நாள்தான். வேடியப்பன் அதை வீட்டுக் கூரைச் செருகலில் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கிளம்பும்போது டாக்டர் அவளிடம் சொன்னார்: “எடை குறைஞ்சா நீங்க வர வேண்டியது இங்க. என்ன கொறஞ்சுதுன்னு சேர்ந்து பாப்போம். ரத்த வாந்தி, கறுப்பா மலம், இந்த மாதிரி வந்தா மட்டும் கீழ போகணும். அப்படி ஒண்ணு வந்தா வள்ளியையும் தூக்கிக்குங்க, நானும் கூட வர்றேன்.”

அவர்கள் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. “சார், தாள்ல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே. அனுப்பாம ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?” என்றேன்.

“நான்தான். கீழ ஆபரேஷன் பண்ணின பெரிய டாக்டருக்கு இன்னைக்கே எழுதறேன். அனுப்புன்னு சொன்னா நானே கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா வாரா வாரம் அவங்க இங்க வரணும். அது உங்க கையில இருக்கு” என்றார். வேறு ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த சந்தை நாள் விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருவாளா? வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்ததை எல்லாம் மேஜையில் வைத்தாள். ஒரு சுருக்குப்பை, வாழையிலையில் சுற்றிய களி உருண்டை ஒன்று. ஏறினாள். முப்பத்தைந்தரை. கால் கிலோ குறைந்திருந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன். டாக்டர் மட்டும் சந்தோஷமாக, “கொறஞ்சுதுன்னு தெரிஞ்சும் வந்தீங்க பாருங்க, அதுக்கே அரைக் கிலோ கூட்டிப் போடலாம்” என்றார். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாம் வாரம் முப்பத்தாறு. அதற்குள் கீழேயிருந்து பதில் வந்தது. அவள் தவறாமல் வருகிறாள் என்றால் அங்கேயே பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டைத் தொட ஏழு மாதம் பிடித்தது. மாதம் ஒரு ஊசி, இரும்புச் சத்து மாத்திரை, ஆறு உருண்டை. அவ்வளவுதான் வைத்தியம். நோன்பு, திருவிழா, புளி உலுக்குகிற காலத்து ஓயாத வேலை, எல்லாவற்றுக்கு நடுவிலும் அந்தப் பெண் ஒரு வருடமல்ல, இரண்டு வருடமல்ல, அத்தனை வருடமும் அதை விடவில்லை. சில நாள் முறை வருவதற்கு முன்பே வந்து நிற்பாள். “ரெண்டு நாளா ஒரு கல்லு நகராம அப்படியே கெடக்குது நர்ஸம்மா. எடை போட்டுப் பாரு” என்பாள். நான் பார்த்த நோயாளிகளில் இவளைப் போல மன உறுதி உள்ளவரை வேறு நினைவில்லை. இன்றைக்கு எனக்கு எழுதிக்கொடுத்திருக்கிற சர்க்கரை மாத்திரையையே நான் ஒழுங்காகப் போடுவதில்லை.

டாக்டர் தயாளன் மாற்றலாகிப் போகிற வாரம் கடைசியாக மெஷினில் ஏறினார். எண்பத்தைந்து. குப்பம்மா மடியிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து அவர் கையில் வைத்தாள். “நீயும் இந்த அளவுக்குத் தின்னு டாக்டரு. பெரிசா திங்காத” என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கும் மாற்றல் வந்தது. அதற்குச் சில வாரம் முன்பு ஒரு சந்தை நாள். செல்வி, நீ அன்றைக்கு லீவு. குப்பம்மா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வள்ளி. ஒரு காலத்தில் அம்மாவிடம் வர மாட்டேன் என்று அழுத அதே வள்ளி, இப்போது கல்யாணமாகி, ஐந்து மாத வயிற்றோடு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷினைக் கண்டதும் பின்வாங்கினாள். எடை குறைவாக இருந்தால் ஏதாவது சொல்வார்களோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு இவள் அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது.

குப்பம்மா மகளின் மடிக்குள் கைவிட்டு இருந்ததை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். பிறகு தானே முதலில் மெஷினில் ஏறிக் காட்டினாள். நாற்பத்திரண்டு. பித்தளை வளையல் மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடையில் அசையாமல் நின்றது. இறங்கி, மகளின் தோளைப் பிடித்து மெதுவாக மேலே ஏற்றிவிட்டாள்.

“ஏறு வள்ளி, பயப்படாத. இந்த மெஷினு யாரையும் கீழ அனுப்பாது.”